டைனமோ சுத்தின கைகளுக்குக் கிற்றாரும் ஏலும்

வெளிநாட்டு மாமா அனுப்பினால்தான் கிற்றார் எண்டு எங்கட பெடியள், பெட்டையள் இன்னும் காத்திருக்கினம். நாங்கள் சொல்லுறம்: லாப் ஸ்டீல் செய்து பாருங்கோ.

மடியில் கிடத்தி, உருக்குத் துண்டைத் தந்தியில் வழுக்கி வாசிக்கிற கிற்றார் இது. மெட்டுப் பதிக்கத் தேவையில்லை. கோடு கீறினால் போதும். எங்கட கோட்டுவாத்தியமும் மெட்டில்லாமல் வழுக்கி வாசிக்கிறதுதான். 1932இல் சந்தைக்கு வந்த முன்னோடி மின்கிற்றார் 'ஃபிரையிங் பான்' கூட லாப் ஸ்டீல்தான்.

பிக்கப் எண்டால் பயப்பட வேண்டாம். காந்தம், அதைச் சுத்திச் செப்புக்கம்பிச் சுருள். மேலே உருக்குத் தந்தி அதிர, சுருளில் மின்சாரம் பிறக்கும். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள்ள வன்னிச் சனம் சைக்கிள் டைனமோ சுத்தி ரேடியோ கேட்டதும் இதே காந்தமும் சுருளும்தான்.

தந்தியும் முறுக்காணியும் கடையில்தான் வாங்கவேணும், உண்மை. ஆனால் பலகை? கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தச்சுப் பட்டறைகள் இருக்கு. கதிரை, கட்டிலுக்குப் போக மிஞ்சிற முதிரைத் துண்டு அடுப்புக்குப் போகவேணுமா?

முதல் கிற்றார் இரையும், சுருதி நில்லாது. பரவாயில்லை. வாங்கினவருக்கு அது பழுது. செய்தவருக்கு அது அடுத்த பாடம். தொழிற்பயிற்சி நிலையங்களில் தச்சும் மின்னிணைப்பும் படிக்கிற பிள்ளைகள் ஒருநாள் ஒரே மேசையில் இருந்தாலே போதும். தடைக்குள்ள வழி கண்ட ஊர், தடையில்லாத காலத்தில பார்சலுக்குக் காத்திருக்கலாமோ?