ஹாஷ் சரி, எழுத்து சரியா?

புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபின், நாம் ஒப்படைக்கும் ஸ்கேன் தொகுப்புகளுக்கும் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் கேட்கிறார்கள். ஏ பகுதியில் கோப்பைத் தருபவர், பி பகுதியில் நிபுணர், இரண்டிலும் ஹாஷ் மதிப்பு. கையெழுத்துப் போடலாமா என்று வாசகர்கள் கேட்டு எழுதியிருக்கிறார்கள். போடலாம். எதற்குப் போடுகிறோம் என்று தெரிந்து போட வேண்டும்.

கோப்பு உருவான பிறகு ஒரு பிட்கூட மாறவில்லை என்பதற்குத்தான் ஹாஷ் சாட்சி. தாளில் இருந்தது கோப்பில் வந்ததா என்பது அதற்குத் தெரியாது. பிட்மேப்பை டெஜாவூவாகவோ ஜேபிக்2 பிடிஎஃப்பாகவோ மாற்றும் அந்த ஓரிரு விநாடியில் எழுத்து மாறியிருந்தால், மாறிய எழுத்துக்கே ஹாஷ் காவல் நிற்கும். 2013இல் ஜெர்மன் கணினியாளர் டேவிட் கிரீசல் ஜெராக்ஸ் ஒர்க்சென்டரில் எடுத்த கட்டட வரைபட நகல் நமக்கெல்லாம் நினைவிருக்கும். 21.11, 17.42 சதுர மீட்டர் அறைகள் இரண்டும் 14.13 ஆகிவிட்டன. மங்கலும் இல்லை, சிதைவும் இல்லை. ஒத்த வடிவங்களுக்கு ஒன்றையே போடும் ஜேபிக்2வின் இழப்பு முறை செய்த தப்பு அவ்வளவு தெளிவாக விழுந்திருந்தது. மூலத்துக்குப் பதிலாக நிற்கப்போகும் ஸ்கேனில் ஜேபிக்2 கூடவே கூடாது என்று ஜெர்மனியின் தகவல் பாதுகாப்பு அலுவலகம் தன் வழிகாட்டு நெறியில் எழுதிவிட்டது. நம் படிவத்தில் குறியாக்க முறையைக் குறிக்க ஒரு கட்டம்கூடக் கிடையாது.

என் கவலை புள்ளியைப் பற்றியது. பல ஆண்டுக் கவலை. 300 டிபிஐயில் ஒரு மில்லிமீட்டருக்குப் பன்னிரண்டு பிக்சல். பழைய ஈய அச்சின் அரை மில்லிமீட்டர்ப் புள்ளி ஆறு பிக்சல் அகலம் வரும், 150இல் மூன்று. எழுத்தோடு ஒட்டாமல் தனியே நிற்பதால், தேய்ந்த புள்ளி தூசிநீக்கத்துக்குத் தூசிதான். ஆங்கிலத்தில் சிற்றெழுத்து ஐயின் தலைப்புள்ளி போனாலும் சொல் நிற்கும். நம்மிடம் 'கல்' 'கல' ஆகிவிடும். இழப்பு முறையின் வடிவப் பொருத்தம் இதற்கும் மேலே போகிறது: ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் அடியில் ஒரு சிறு சாய்வுதான் வித்தியாசம். ஏட்டில் புள்ளியே இல்லாமல் படித்தவர்கள்தானே நாம் என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. ஏடு படித்தவருக்குப் புள்ளி இராது என்பது தெரியும். ஸ்கேன் படிப்பவருக்கு யார் சொல்வது?

ஓர் அலுவலகத்துக்காக முடித்த தொகுப்பைப் பார்க்க என்னை அழைத்திருந்தார்கள். பக்கம் பளிச்சென்று இருந்தது. ஒரே பக்கத்தில், இருக்க வேண்டிய இடங்களில் பதினேழு புள்ளிகளைக் காணோம். அச்சிலேயே இல்லையா, ஸ்கேனில் போனதா? மூலத்தைக் கேட்டேன். முதுகை வெட்டி ஸ்கேன் செய்து, தாளை எடைக்குப் போட்டாயிற்று என்றார்கள். ஒப்பந்ததாரரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பக்கத்துக்கு இத்தனை கேபிக்கு மேல் போகக் கூடாது என்று டெண்டரில் எழுதியவர்கள் எழுத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. எத்தனை கூட்டத்தில் சொல்லியிருப்போம், எத்தனை மனுக் கொடுத்திருப்போம்! ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்கிறார்கள். அடுத்த டெண்டரிலும் அதே கேபி வரம்புதான் வருகிறது. ஒரு நூலின் கடைசிப் பிரதியை எடைக்குப் போட இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

எழுத்துள்ள ஆவணத்துக்கு இழப்பற்ற முறைதான் என்பது இவ்விதழின் நிலைப்பாடு. டெஜாவூ குறியாக்கியான சிஜேபி2வின் இயல்பே அதுதான். யாராவது கைப்பட லாஸி போன்ற தெரிவைத் தட்டினால்தான் மாறும். இழப்பற்ற முறையிலேயே கோப்பு பொதுவாக ஜி4 தொலைநகல் முறையைவிடச் சிறிதாக வருகிறது. லாஸ்லெவல் (இழப்பு அளவு) எவ்வளவு, தூசிநீக்கம் போட்டதா இல்லையா என்பதைத் தனித்தாளில் எழுதிச் சான்றிதழோடு இணையுங்கள். அலுவலகம் அதை வாங்க மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். மூலத்தோடு ஒப்பிட்டு ஒருவர் பெயர்போட்டுக் கையெழுத்திடாத நிலையில் மூலத்தாள் வெளியே போகப்போகிறது என்று தெரிந்தால், பி பகுதியை வெறுமையாக விட்டுத் திருப்பி அனுப்புங்கள்.