இரு வீட்டுக்கு ஒரு சுவர்

எம்மிடம் முன்னர் பயின்று, இப்பொழுது இலண்டனிலே குடும்பத்துடன் வாழும் அன்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் நீண்ட கடிதமொன்று வரைந்திருந்தார். கடிதத்திற் பெரும்பகுதி ஒரு சுவரைப் பற்றியது. அச்சுவர் அவருக்கு மட்டும் உரியதன்று. அயல்வீட்டு மூதாட்டியாருக்கும் பொதுவானது.

யாழ்ப்பாணத்து வளவிலே வளர்ந்த எமக்கு அயலவர் பிணக்கென்றால் வேலிதான் நினைவுக்கு வரும். கதியாலை ஒரு சாண் தள்ளி நாட்டியமைக்காக இரு தலைமுறையாய்ப் பேசாதிருக்கும் குடும்பங்களை வாசகர்களும் அறிவர். எனினும், எவ்வளவு சினந்தாலும் எம் வீடு எம் வளவின் நடுவே தனித்து நிற்கிறது. இலண்டனின் பழைய தெருக்களில் அவ்வாறன்று. விக்ரோறியா மகாராணியார் காலத்து வீடுகள் புகைவண்டிப் பெட்டிகள் போல ஒட்டி நிற்பன. ஒருவர் ஆணியறைந்தால் மற்றவர் வீட்டிலே ஓசை கேட்கும்.

அன்பருடைய வீட்டின் கீழே, முற்காலத்தில் நிலக்கரி கொட்டிய சிறு நிலவறையொன்று உண்டு. பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர், இருந்து படிக்க இடமில்லை, அந்நகரிலே பெரிய வீடு வாங்குதலும் எளிதன்று. நிலவறையை ஆழமாக்கி அறையாக்க எண்ணினார். இதிலுள்ள இடர் யாதெனில், அவ்வீடுகளின் அத்திவாரம் ஆழமற்றது. செங்கல்லைப் படிப்படியாக அகலித்து மண்மேல் அடுக்கியது. அதன் கீழே ஒருங்கே தோண்டினால் இரு வீட்டாரின் சுவரும் அந்தரத்தில் நிற்கும். ஆகையால், ஏறக்குறைய ஒரு மீற்றர் அகலமான துண்டொன்றைத் தோண்டிக் கொங்கிறீற்று இட்டு, அது இறுகிய பின்னரே அதை அடுத்த துண்டிற் கைவைப்பர். மண்ணோ களிமண், ஈரத்திற் பருத்து வரட்சியிற் சுருங்குவது.

1666இல் இலண்டன் தீக்கிரையானதன் பின், 1667இல் இயற்றிய சட்டத்திலேயே பொதுச் சுவருக்கு விதிகள் இருந்தன. இன்று இங்கிலாந்திலும் வேல்சிலும் நடைமுறையிலிருப்பது 1996ஆம் ஆண்டுச் சட்டம். பொதுச் சுவரின் அடியைத் தாங்கிக் கட்டுவோர் இரண்டு மாதங்களுக்கு முன்னும், அயலவர் கட்டடத்திற்கு மூன்று மீற்றருக்குள் அதன் அத்திவாரத்திலும் ஆழமாகத் தோண்டுவோர் ஒரு மாதத்திற்கு முன்னும் எழுத்தில் அறிவித்தல் கொடுத்தல் வேண்டும். அயலவர் 14 நாளுள் எழுத்தில் இசைந்தால் நன்று. மௌனமாயிருந்தாலோ, பிணக்கு எழுந்ததாகவே சட்டம் கொள்ளும்! நம்மூரிலே மௌனம் சம்மதம். அங்கே மௌனம் வழக்கு.

அன்பர் அந்த அறிவித்தலைத் தபாலில் அனுப்பிவிட்டு வாளாவிருந்தார். பிரிவு இலக்கங்கள் நிறைந்த அத்தாளைக் கண்ட மூதாட்டியார், தம் வீட்டுக்கே கேடு வந்ததென அஞ்சி அதனை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். நாட்கள் கடந்தன. பின்னர் அவருடைய மகளார் ஒரு சேர்வேயரை நியமித்தார். இவர் காணியளப்பவரல்லர்; கட்டட நுணுக்கம் அறிந்தவர். அன்பரும் ஒருவரை நியமித்தார். அவ்விருவரும் இணங்காவிடிற் கேட்பதற்கென மூன்றாமவர் ஒருவரையும் தெரிந்து வைத்தனர். வேலை செய்விப்பவரே இச்செலவைத் தாங்குதல் வழக்கமாதலால், அனைத்தும் அன்பர் தலையில் விழுந்தது. வாசலிற் கண்டாற் சிரிக்கும் மூதாட்டியாரும் முகந்திருப்பிக் கொண்டார்.

“நீர் கதவைத் தட்டினீரா?” என்று மட்டும் கேட்டு எழுதினோம். எட்டு ஆண்டுகளாகக் காலை வந்தனம் சொல்வதன்றி ஒருநாளும் அவ்வீட்டுட் சென்றதில்லையாம். அந்நாட்டிலே எதுவும் எழுத்தில் இருத்தலே மரியாதையென எண்ணினாராம். எழுத்து வேண்டியதுதான். ஆனால் வரைபடத்தைக் கையிலெடுத்துச் சென்று, எங்கே தோண்டுவது, எத்தனை மாதம் இரைச்சல் இருக்கும் என்று முதலிற் சொல்லியிருந்தால், அத்தாள் அவரை அவ்வளவு அச்சுறுத்தியிராது. அவருக்குள்ள காப்புகளையும் அன்றே சொல்லியிருக்கலாம்: சேதம் நேர்ந்தால் திருத்தியோ பணமாகவோ ஈடு செய்தல் வேண்டும்; வேலை நடுவே நின்றுபோகுமென அஞ்சினால், தொடங்குமுன் பிணைப்பணம் கேட்கவும் அயலவருக்கு உரிமையுண்டு. சட்டப்படி நடக்கும் வேலையை முற்றாகத் தடுக்க மட்டும் அவருக்கு இச்சட்டம் இடந்தரவில்லை. உறவினர் அங்கே வீடு திருத்துவதாக எழுதினால், வாசகர்கள் இதனை அவர்களுக்குத் தெரிவிக்கலாம்.

சென்ற வாரம் மறுகடிதம் வந்தது. வேலை தொடங்குமுன் மூதாட்டியார் வீட்டின் நிலையைப் படம்பிடித்துப் பதிவதற்குச் சேர்வேயர் இருவரும் சென்றனராம். அன்பரும் இம்முறை முன்னதாகவே அனுமதி கேட்டு, மனைவியாருடன் உள்ளே சென்றிருக்கிறார். பொதுச் சுவரின் மறுபக்கத்தை அன்றுதான் கண்டார். படிக்கட்டின் அருகே மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. அன்பருக்கு நெஞ்சு திக்கென்றது. மூதாட்டியாரோ அதனை விரலாற் காட்டி, “இது 1976ஆம் ஆண்டு வரட்சியில் வந்தது, இவர்கள் செய்ததன்று. எழுதிக்கொள்ளுங்கள்” என்றாராம். சேர்வேயர் எழுதிக்கொண்டார். பின்னர் அனைவருக்கும் தேநீர் வந்தது.