லலிதாஜியும் சிவப்பழகும்

எண்பதுகளில் தூர்தர்ஷனில் வந்த விளம்பரங்களை இன்று கைப்பேசியில் பார்த்து ஏங்காத மும்பைத் தமிழர் உண்டா? ஹிந்தி அறியாத நம் தாய்மார்களுக்கும் சர்ப் லலிதாஜி புரிந்தது. காய்கறிக்குப் பேரம் பேசுவார்; ஆனால் மலிவு வேறு, நல்ல சரக்கு வேறு என்று கணக்குச் சொல்வார். அரைக் கிலோ சர்ப், மலிவுத் தூள் ஒரு கிலோவுக்குச் சமமாம்! விற்பனைத் தந்திரந்தான். ஆயினும் மாதச் சம்பளத்தை எண்ணிக் குடும்பம் நடத்தியவளின் புத்திக்கு அதில் மரியாதை இருந்தது. அந்த வேடமேற்ற கவிதா சவுத்ரி 2024இல் காலமானார்.

அதே நிறுவனந்தான் சிவப்பழகு கிரீமும் விற்றது. பள்ளியில் 'மதராஸி' என்றும் கறுப்பு என்றும் கேலி கேட்டுத் திரும்பிய நம் பெண்கள், மாலையில் அதையும் பார்க்க நேர்ந்தது. பெயரிலிருந்து 'ஃபேர்' நீங்கியது 2020இல்தான். பழையதைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுவோர் இதையும் சேர்த்தே காட்டட்டும்.