நடுக்கம் தடையல்ல

பார்க்கின்சன் நோயுடன் மலை ஏறலாம், எல்லை தாண்டலாம். பஸ் நேரத்தைவிட மாத்திரை நேரம் முக்கியம்.

1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்தபோது, எம்.ஜி.ஆர். பார்த்துக்கொண்டிருக்க ஜிம்மி எல்லிஸுடன் கண்காட்சிக் குத்துச்சண்டை போட்டார். 1989-ல் முஸ்லிம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவுக்காகக் கோழிக்கோடு வந்தபோது நிலைமை வேறு. அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் கடல் கடந்து வந்தார். 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில், நடுங்கும் கையால் அவர் சுடர் ஏற்றியதை உலகமே பார்த்தது.

அலிக்குத் துணைக்கு ஆட்கள் இருந்தார்கள். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குப் பேத்தி கல்யாணத்துக்குப் போக வேண்டிய ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும், போடியிலிருந்து ஏலத்தோட்டத்திலுள்ள மகள் வீட்டுக்குப் போக வேண்டிய தாய்க்கும் அந்த வசதி இல்லை. அவர்கள் கேட்பதெல்லாம் ஒரே வாசகம்தான்: "இந்த உடம்போடு எதற்கு அலைச்சல்? வீட்டோடு இருங்கள்." அக்கறையில் சொல்வதுதான். ஆனால் பல வீடுகளில் நோய் ஆளை முடக்குவதற்கு முன்பே இந்த அக்கறை முடக்கிவிடுகிறது.

தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் எல்லை தாண்டுவது உல்லாசப் பயணம் அல்ல. தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை தாலுகாக்களின் தோட்டத் தமிழர்களுக்கு உறவெல்லாம் மலைக்கு இந்தப் பக்கம்தான். நவம்பரில் கல்பாத்தித் தேருக்கு வராவிட்டால் பாலக்காட்டு அக்ரகாரங்களின் பிள்ளைகளுக்கு ஆண்டு நிறைவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மருத்துவத்துக்கே பயணம் தேவை. மலைத் தோட்டத்தில் வசிப்பவர் நரம்பியல் நிபுணரைப் பார்க்க மதுரைக்கோ கோட்டயத்துக்கோ இறங்கியாக வேண்டும். இயக்கக் கோளாறுகளுக்கென்று தனிப் பிரிவுள்ள ஸ்ரீ சித்திரை திருநாள் மருத்துவ நிறுவனம் இன்னும் தொலைவில், திருவனந்தபுரத்தில் இருக்கிறது. பயணத்துக்குப் பயந்தால் சிகிச்சையும் தவறும்.

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் விவரித்த இந்த நோயில், மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் படிப்படியாக அழிகின்றன. கை நடுக்கம், தசை இறுக்கம், அசைவில் மந்தம், தடுமாற்றம் எல்லாம் அதன் விளைவுகள். நோயைக் குணமாக்க மருந்து இல்லை. ஆனால் 1960களில் வந்த லெவோடோபா, குறைந்துபோன டோபமைனை ஈடுகட்டுகிறது. மாத்திரை விழுங்கி அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் உடல் இளகும், நடை வரும். சில மணி நேரத்தில் மருந்தின் வேகம் இறங்கும், உடல் மீண்டும் இறுகும். நோய் முற்ற முற்ற இந்த நல்ல நேரம் சுருங்கிக்கொண்டே போகும். காலையில் தானே சட்டைப் பித்தான் போட்டவர், பதினோரு மணிக்கு நாற்காலியிலிருந்து எழத் திணறுவது நடிப்பல்ல. மாத்திரை இறங்கிவிட்டது, அவ்வளவுதான்.

பயணத் திட்டம் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். எத்தனை கிலோமீட்டர் என்பது இரண்டாவது கேள்வி. எத்தனை மணிக்கு ஏற வேண்டும், எத்தனை மணிக்கு இறங்க வேண்டும் என்பதே முதல் கேள்வி. உட்கார்ந்திருப்பதற்கு மாத்திரையின் வேகம் அவ்வளவாகத் தேவையில்லை. ஏறவும் இறங்கவும்தான் தேவை. காலை 8 மணிக்கும் 12 மணிக்கும் மாத்திரை சாப்பிடுபவர் 9 மணிக்கு ஏறி, பிற்பகல் 1 மணிக்கு இறங்கும்படி வண்டியைத் தேர்ந்தெடுத்தால் பாதிச் சிரமம் தீர்ந்தது. வண்டிக்கு ஏற்ப மாத்திரையைத் தள்ளிப்போடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு. மாத்திரை பெட்டிக்குள் அல்ல, கைப்பையில் இருக்க வேண்டும். கைபேசியில் அலாரம் வைத்துக்கொள்வது நல்லது.

சாப்பாட்டிலும் கணக்கு உண்டு. லெவோடோபாவும் புரதமும் குடலிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து மூளைக்கும் ஒரே வழியில் போகின்றன. புட்டும் கடலைக் கறியும், முட்டை ரோஸ்டும், இறைச்சியும் வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு மாத்திரை போட்டால், புரதம் முந்திக்கொள்ளும், மாத்திரை வாசலில் நிற்கும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்தோ மாத்திரை எடுப்பது உத்தமம். வெறும் வயிற்றில் குமட்டினால் இரண்டு பிஸ்கட் போதும். கடலைக் கறியை இரவுக்கு ஒத்திவைக்கலாம்.

தமிழகத்திலிருந்து கேரளத்துக்குப் போக இங்கே இரண்டு விதமான வாசல்கள். ஒன்று பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டிருக்கும் இந்த இடத்தில் கோவையிலிருந்து பாலக்காடு ஏறக்குறைய 50 கிலோமீட்டர், பாதை பெரும்பாலும் சமதளம். ரயிலும் உண்டு. பொள்ளாச்சிப் பாதையும் 2015-ல் அகலப் பாதையானது. இன்னொரு வாசல் இடுக்கி. அந்த மாவட்டத்தில் ரயில் பாதையே கிடையாது. 2023 ஜூனிலிருந்து ரயில் போடிநாயக்கனூர்வரை வருகிறது. அதற்கு மேல் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு, பூப்பாறை வழியாக மூணாறு. அல்லது கம்பம், லோயர் கேம்ப் வழியாகக் குமுளி. முதல் வாசலில் எதிரி வெயிலும் ரயில் படியும். இரண்டாவதில் வளைவும் குளிரும்.

ரயிலில் கீழ் படுக்கை கட்டாயம். 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் காலியாக இருந்தால் கீழ் படுக்கை தருவது ரயில்வேயின் நடைமுறை. சிக்கல் படுக்கையில் அல்ல, வாசலில். பார்க்கின்சன் நோயாளிகளில் பலருக்குக் குறுகலான வாசலைக் கண்டதும், திரும்ப வேண்டிய இடத்தில், அவசரப்படுத்தும்போது, கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடும். சில நிமிடங்களே நிற்கும் ரயிலில், பின்னால் கூட்டம் தள்ளும்போது இது நிகழ்ந்தால் விபத்துதான். உடன் வருபவர்கள் பதறிக் கையைப் பிடித்து இழுப்பார்கள். கால் நின்ற இடத்தில் நிற்க, உடம்பு மட்டும் முன்னால் சாய்ந்து விழும்.

இழுக்கக் கூடாது. ஒரு கணம் நிற்க விட வேண்டும். எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றச் சொல்லி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணினால் கால் பெயரும். தரையில் ஒரு கோடு இருந்தால் அதைத் தாண்டச் சொல்லலாம். கோடு இல்லாவிட்டால் உடன் வருபவர் தன் பாதத்தைக் குறுக்கே வைத்தாலும் போதும். தானாக நடக்க மறுக்கும் கால், எண்ணிக்கைக்கும் கோட்டுக்கும் கட்டுப்படுவது இந்த நோயின் விசித்திரங்களில் ஒன்று. இறங்க வேண்டிய நிலையம் வருவதற்கு முன்பே வாசல் அருகே வந்துவிடுவதும், நடக்கும்போது பேச்சுக் கொடுக்காமல் இருப்பதும் உதவும்.

கோடையில் 40 டிகிரியைத் தொடும் பாலக்காட்டு வெயில் சாதாரண ஆளையே சாய்க்கும். பார்க்கின்சன் நோயிலும் அதன் மருந்துகளிலும், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவது வழக்கம். அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கும் என்று பயந்து, பயணத்தன்று தண்ணீரே குடிக்காதவர்கள் பலர். தண்ணீர் குறைந்தால் அழுத்தம் மேலும் இறங்கும், மலச்சிக்கலும் கூடும். காரிலிருந்து இறங்கும்போது இரண்டு கால்களையும் முதலில் வெளியே வைத்து ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு எழ வேண்டும். வழுக்கும் துணி ஒன்றை இருக்கையில் விரித்துவிட்டால் உடம்பைத் திருப்புவது சுலபம். வெயிலில் நிற்கும் காருக்குள் மாத்திரையை விட்டுவைக்கக் கூடாது.

மலைப் பாதையில் ஆபத்து வேறு வேடத்தில் வருகிறது. ஊசி வளைவுகளில் வாந்தி வருவது சகஜம். அடிவாரத்து மருந்துக் கடையில் "வாந்தி மாத்திரை" என்று கேட்டால் சீட்டு இல்லாமலே கிடைத்துவிடும். இதில்தான் கவனம் தேவை. வாந்தியை நிறுத்தும் மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின் போன்ற மருந்துகள் மூளையில் டோபமைன் வேலை செய்யும் இடத்தையே அடைத்துவிடுகின்றன. தலைசுற்றலுக்குத் தரப்படும் சின்னரிசின் மாத்திரையும் இந்த ரகம்தான். நோய் இல்லாதவர்களுக்கே, தொடர்ந்து சாப்பிட்டால் பார்க்கின்சன் போன்ற நடுக்கத்தை உண்டாக்கக்கூடியது அது. பயண வாந்திக்குப் பரவலாக விற்கும் புரோமெதசினையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. வீட்டிலிருந்து தானே நடந்து வந்து வண்டி ஏறியவர், மலை ஏறி இறங்குவதற்குள் மரக்கட்டையாக இறுகிவிட்டால், வீட்டார் மலைக் காற்றின் மீது பழி போடுவார்கள். காரணம் அடிவாரத்தில் வாங்கிய மாத்திரையாக இருக்கலாம்.

பார்க்கின்சன் நோயாளிகளுக்கு வாந்தியை நிறுத்த டாக்டர்கள் பெரும்பாலும் டோம்பெரிடோனைத்தான் எழுதுகிறார்கள். அது மூளைக்குள் அவ்வளவாக நுழைவதில்லை. ஆனால் இதய நோய் உள்ளவர்களுக்கு அதுவும் ஆகாமல் போகலாம் என்பதால், புறப்படும் முன்பே டாக்டரிடம் கேட்டுக் கையோடு வைத்துக்கொள்வதுதான் வழி. மற்றபடி முன் இருக்கை, திறந்த ஜன்னல், தூரத்துப் பாதையில் பார்வை, அரை வயிற்றுச் சாப்பாடு, ஒரு மணிக்கு ஒரு முறை வண்டியை நிறுத்துவது ஆகியவையே பாதி மருந்து. ஜீப்பின் உயரமான படிக்கு ஒரு சிறிய முக்காலி கைகொடுக்கும். மூணாறின் குளிரில் இறுக்கமும் நடுக்கமும் அதிகமாகத் தெரியும். கம்பளியை இறங்கிய பிறகு தேடாமல் ஏறும்போதே போட்டுக்கொள்வது நல்லது.

மழைக்காலத்தில் இடுக்கிக்குப் போகிறவர்கள் மாத்திரையை எண்ணி எடுத்துப் போகக் கூடாது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மாவட்டமே துண்டிக்கப்பட்டது. 2019-லும் 2020-லும் தேவிகுளம் அருகே கேப் ரோடு மண் சரிவில் அடைபட்டது. இரண்டு நாள் பயணத்துக்கு ஒரு வாரத்து மாத்திரை வேண்டும். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உடல் இறுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பெயரும் அளவும் இருந்தால் எந்த ஊர்க் கடையிலும் கேட்கலாம். தேனி, இடுக்கி, பாலக்காடு மூன்று இடங்களிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. போகும் வழியில் எது அருகில் என்று தெரிந்துவைத்துக்கொள்வது அவசியம்.

ஆயுர்வேத சிகிச்சைக்காகப் பாலக்காடு பக்கம் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மலையாளத்தில் நாய்க்குரணை எனப்படும் பூனைக்காலி விதையில் இருப்பதும் லெவோடோபாதான். 1937-லேயே சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இரு விஞ்ஞானிகள் அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். ஆகவே மாத்திரையோடு இந்தச் சூரணமும் சேர்ந்தால் அளவு எகிறும். உடல் தானாகத் துள்ளுவது, வாந்தி, மயக்கம் எல்லாம் வரலாம். வைத்தியரிடம் மாத்திரைச் சீட்டையும், டாக்டரிடம் வைத்தியரின் மருந்தையும் மறைக்கக் கூடாது. பிழிச்சலோ உழிச்சலோ முடிந்து, எண்ணெய்க் காலோடு தனியாக நடக்கவும் கூடாது.

கடைசியாக, உடம்பைவிட மனதை அதிகம் வதைக்கும் ஒரு விஷயம். குழறும் பேச்சு, தள்ளாடும் நடை, உணர்ச்சி காட்டாத முகம். எல்லைச் சாவடியில், அதுவும் மது கடத்தலைத் தேடும் சோதனையில், இப்படி ஒருவர் இறங்கினால் குடித்திருக்கிறார் என்று நினைப்பது எளிது. அதட்டினால் பதற்றத்தில் நடுக்கம் இரு மடங்காகும், சந்தேகமும் இரு மடங்காகும். இதற்குப் பயந்தே வெளியே வராதவர்கள் உண்டு. சட்டைப் பையில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய ஒரு அட்டை இருந்தால் பேச்சே தேவையில்லை. நோயின் பெயர், மாத்திரை நேரம், வீட்டுத் தொலைபேசி எண் போதும். வாயால் சொல்வதானால் மலையாளத்தில் ஒரு வரி: "எனிக்கு விறவாதமாணு, குறச்சு சமயம் தரணம்." எனக்கு நடுக்குவாதம், கொஞ்சம் அவகாசம் கொடுங்கள் என்று அர்த்தம். இது கெஞ்சுவதும் அல்ல. 2016-ம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்க்கின்சன் நோயைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. தகுதிக்கேற்ற சான்றிதழ் பெற்று அடையாள அட்டை வாங்கலாம்.

முதல் பயணமே மூணாறாக இருக்க வேண்டியதில்லை. கோவையிலிருந்து பாலக்காடுவரை ஒரு முறை போய் வந்தால், எந்த நேரத்தில் உடம்பு இளகுகிறது, எங்கே கால் நிற்கிறது, எப்போது களைக்கிறது என்று தெரிந்துவிடும். அதைக் குறித்துவைத்துக்கொண்டு அடுத்த பயணத்தைத் திட்டமிடலாம். அடிக்கடி விழுபவர்களும், மருந்து அளவு அண்மையில் மாற்றப்பட்டவர்களும் டாக்டர் சொல்லும்வரை பொறுப்பது நல்லது. மற்றவர்களுக்குத் தேவை ஒரு மணி நேரம் முன்னதாகப் புறப்படுவதும், அவசரப்படுத்தாத ஒரு துணையும்தான்.