காலிப் பெட்டிக்குக் கணக்குண்டு

வட அமெரிக்காவில் பெரிய லாரி விபத்து ஒன்று நிகழ்ந்ததும் எழும் முதற்கேள்வி, ஓட்டியவர் எந்த நாட்டவர் என்பதாகவே இருக்கிறது. அவருக்கு எத்தனை நாள் பயிற்சி தரப்பட்டது, அவரை அந்தச் சாலைக்கு அனுப்பியவர் யார் என்னும் கேள்விகள் பிந்தியே வருகின்றன. பல வேளைகளில் வருவதேயில்லை. இந்த வரிசை தலைகீழானது என்பதே என் வாதம்.

கனடா - அமெரிக்க எல்லையின் டிரெயிலர் விதிகளைப் பாருங்கள். டொராண்டோவிலிருந்து சிகாகோவுக்குச் சரக்குக் கொண்டுபோகும் கனடிய ஓட்டுநர், திரும்பும் வழியில் டெட்ராய்டில் கனடாவுக்கான சரக்கை ஏற்றலாம். ஆனால் சிகாகோவில் ஏற்றி டெட்ராய்டில் இறக்கக் கூடாது. அது உள்நாட்டு ஓட்டுநரின் பிழைப்பு. இதில் நியாயம் இருக்கிறது. காலி டிரெயிலருக்கும் இதே கண்டிப்பு உண்டு. தாம் கொண்டுவந்ததையோ, திரும்ப எல்லைக்கு அப்பால் கொண்டுபோகப் போவதையோ அவர் இழுக்கலாம். தம் நிறுவனத்துக்கே சொந்தமான வேறொரு காலி டிரெயிலரை ஓர் அமெரிக்க ஊரிலிருந்து எடுத்து இன்னோர் அமெரிக்க ஊரில் விட்டுவரக் கூடாது. விட்டுவரச் சொல்வது அலுவலகத்தில் அமர்ந்து வண்டிகளை ஏவும் டிஸ்பாட்சர். ஆயினும் பிடிபட்டால் எல்லையில் நிறுத்தப்படுபவரும், அந்நாட்டுக்குள் நுழையும் உரிமையை இழக்கக்கூடியவரும் ஓட்டுநர்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் ஏவலை மறுத்துப் பேச எவருக்குத் துணிவு வரும்?

காலிப் பெட்டியின் போக்குவரவை இத்தனை நுணுக்கமாகக் கணக்கிடும் நாடுகள், அதை இழுப்பவரின் பயிற்சியை எப்படிக் கணக்கிட்டன? 2018 ஏப்ரல் 6 அன்று கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், ஹம்போல்ட் ஊரின் இளம் பனிஹாக்கி அணி சென்ற பேருந்தும் இரட்டை டிரெயிலர் பூட்டிய லாரியும் மோதின. பேருந்தில் இருந்தவர்களில் 16 பேர் இறந்தனர். 13 பேர் காயமுற்றனர். லாரி ஓட்டுநர் நிறுத்தக் குறியைக் கவனியாது சந்திப்புக்குள் வந்துவிட்டார். இந்தியாவிலிருந்து குடியேறியவர், தொழிலுக்குப் புதியவர். ஒரு வாரப் பயிற்சி, முதலாளியோடு இரண்டு வாரம், அதன்பின் தனிவழி. அந்நாளில் அம்மாகாணத்தில் லாரி உரிமத்துக்குக் குறைந்தபட்சப் பயிற்சி நேரம் என்று ஒன்று கட்டாயமாக இருக்கவில்லை. ஒண்டாரியோ 2017 ஜூலையிலேயே 103.5 மணி நேரத்தைக் கட்டாயமாக்கியிருந்தது. சஸ்காச்சுவான் 121.5 மணி நேரத்தை விதித்தது 2019 மார்ச்சில், பதினாறு சாவுகளுக்குப் பிறகு.

ஓட்டுநர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்; எட்டாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்; 2024 மே மாதம் அவரை நாடுகடத்தும் ஆணையும் பிறந்தது. அவர் குற்றமற்றவர் என்று நான் வாதிடவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் முன் அப்படி வாதிட எவருக்கும் வாய் வராது. நான் கேட்பது வேறு. பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றாத குற்றத்துக்காக அந்நிறுவன உரிமையாளருக்கு விதிக்கப்பட்ட அபராதம் 5,000 டாலர். ஏவியவருக்கும் ஏவப்பட்டவருக்கும் இடையே இத்தனை தூரம் இருக்கலாமா?

அமெரிக்காவின் கதையும் பெரிதும் வேறல்ல. அங்கே 2022 பிப்ரவரி 7 முதல் புதிய ஓட்டுநர்களுக்கு நாடு தழுவிய பயிற்சி விதி வந்தது. ஆனால் இத்தனை மணி நேரம் என்று அது வரையறுக்கவில்லை. பயிற்றுநருக்குத் திருப்தியானால் போதும். 2025 ஜூன் 25 முதல், ஆங்கிலம் போதாத ஓட்டுநரைச் சாலையிலேயே பணியிலிருந்து நிறுத்தும் நடைமுறை வந்தது. சாலைக் குறிப்பை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை மறுப்பவர் யார்? ஆனால் ஹம்போல்ட் சாலையில் தோற்றது மொழியறிவு அன்று. பின்னால் காற்றில் படபடத்த தார்ப்பாயில் கவனம் போயிற்று என்றே நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. சுமையைக் கட்டுவதும், கட்டு தளர்ந்தால் ஓரங்கட்டி நிறுத்துவதும், நிறுத்தினால் நேரம் போகுமே என்ற அச்சத்தை வெல்வதும் பழகிய ஓட்டுநரின் பக்கத்தில் மாதக்கணக்கில் அமர்ந்து கற்க வேண்டியவை. அதற்கான கூலியைத் தர எந்த நிறுவனம் முன்வருகிறது? பல நிறுவனங்கள் ஓட்டுநரைத் தொழிலாளி என்று ஒப்புக்கொள்ளாமல், தனி ஒப்பந்தக்காரர் என்று தாளில் எழுதிக் கைகழுவுகின்றன.

என் கோரிக்கை எளியது. விதிமீறிய டிரெயிலரை இழுத்தவரைத் தண்டிக்கும் சட்டம், இழுக்கச் சொன்னவரையும் அதே அளவுக்குத் தண்டிக்கட்டும். எல்லை விதிகள் பயிற்சிப் பாடத்தின் பகுதியாகட்டும். அனுபவமுள்ளவரின் துணையின்றிப் புதியவரை நெடுந்தூரம் அனுப்பும் நிறுவனம் தன் உரிமத்தை இழக்கட்டும். இவற்றைச் செய்யாமல் ஓட்டுநரின் கடவுச்சீட்டை மட்டும் புரட்டிக்கொண்டிருந்தால், அடுத்த விபத்தின்போதும் நாம் இதே கேள்வியைத்தான் முதலில் கேட்டுக்கொண்டிருப்போம்.