வியங்கோள் எவ்விடத்து வேண்டும்?

எங்கள் குழுவினர் ஒருவரின் தந்தையார் கடலூரில் காலமானபோது, அஞ்சலிப் பதாகைக்கு வாசகம் எழுதும் பொறுப்பு எங்களிடம் வந்தது. முதல் வரைவில் 'அன்னாரின் ஆன்மா அமைதி பெறவும்' என்று இருந்தது. 'காலணிகளைக் கழற்றவும்' என்னும் பலகையின் தொனி அது. இறந்தவருக்கே கட்டளை இடுவதுபோல் ஆகிவிட்டது. 'பெறுக' என்று திருத்தினோம்.

சிதம்பரத்துக்குத் திரும்பும் பேருந்தில், ஸ்பானிய மொழி கற்றுவரும் நண்பர் இப்பேச்சை மீண்டும் எடுத்தார். அங்கே 'வாழ்க' என்பதற்கு 'விவா' என்பர். விருப்பத்துக்கும் ஐயத்துக்கும் அம்மொழி வைத்திருக்கும் தனி வினைவடிவம் அது. 'நீ வரவேண்டுமென விரும்புகிறேன்', 'அவன் வருவானென நான் நம்பவில்லை' என்னும் இரண்டிலும் 'வருதல்' அவ்வடிவத்தையே ஏற்கும். தமிழ் வியங்கோளோ ஐயத்தின் பக்கம் போவதில்லை. வாழ்த்தல், வைதல், வேண்டல், விதித்தல் ஆகியனவே அதன் களம். (நம் சுவரொட்டிகளுக்கு முதலிரண்டுமே போதும்!)

யாருக்கு அதைச் சொல்லலாம் என்பதில்தான் வழக்கு. தன்மையிலும் முன்னிலையிலும் வியங்கோள் நிலைபெறாது என்கிறார் தொல்காப்பியர். 13ஆம் நூற்றாண்டில் நன்னூலார் மூவிடத்துக்கும் ஐம்பாலுக்கும் அதைத் திறந்துவிட்டார். 'நீ வாழ்க' என்று நாம் தயங்காமல் சொல்வது அவர் தந்த உரிமை. ஆயினும் தொல்காப்பியர் விதி செத்துவிட்டது என்று நாங்கள் கருதவில்லை. க-ஈற்றின் வேலையைப் பேச்சில் இன்று செய்வது 'அட்டும்'. 'அவன் வரட்டும்' என்போம். 'நீ வரட்டும்' என்று எவரும் சொல்வதில்லை. தன்மையில் அது வினாவாக மட்டுமே வரும்: 'நான் வரட்டுமா?' அது விடைபெறுதல், விருப்பம் கூறுதல் அன்று. எழுத்தில் தளர்ந்த விதியை வாய் இன்னும் காத்துவருகிறது.

மாணிக்கவாசகர் தில்லையில் சோதியில் கலந்தார் என்பது மரபு. அவருடைய சிவபுராணத் தொடக்கத்தில் ஐந்து வரிகள் 'வாழ்க' என முடிகின்றன, அடுத்த ஐந்து 'வெல்க' என. அவற்றில் வாழ்த்தப்படுவன அடியும் கழலும், எல்லாம் படர்க்கை. தமக்கென ஒரு 'வாழ்க' அங்கே இல்லை.

ஆகவே அழைப்பிதழில் 'தாங்கள் வருக' என்று அச்சிடுவோர் நன்னூலைத் துணைகொள்ளலாம், குறையில்லை. 'யான் வாழ்க' என்று எழுதப் புகுவோரிடம் நாங்கள் தொல்காப்பியர் கட்சி. 'பெறவும்' பலகைகளுக்கு இருக்கட்டும்.

பதாகையை அச்சிட்டவர் 'பெறுக' என்பதற்கு வல்லின றகரம் போட்டாரா என்று பார்க்க மறந்துவிட்டோம்.