படம் பாத்தாச்சுன்னு புத்தகத்தை மூடிறாதீங்க



பட்டணத்துல இருக்கிற நண்பர்கள் கிட்ட ஒரு நல்ல நாவல் பேரைச் சொன்னா உடனே வர்ற பதில் இது: "அதான் படமா வந்துருச்சே, பாத்துட்டேனே." கல்யாண வீட்டுப் பந்தியை வாசல்ல நின்னு பாத்துட்டு சாப்பிட்டாச்சுன்னு சொல்ற மாதிரி இருக்கு. சினிமா மேல எனக்குக் கோபம் கிடையாது. நானும் படம் பாக்குறவன்தான். ஆனா கிராமத்து நாவலுக்குப் பதிலா படம் போதும்னு நினைக்கிறது தப்பு. அந்தத் தப்போட விலையை நாங்கதான் குடுக்கிறோம். அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

முதல்ல எங்க ஊர்ப்பக்கத்துக் கதையையே எடுத்துக்குவோம். கோவில்பட்டி பக்கத்துக் கரிசல்காட்டுல பிறந்த பூமணி 1982ல எழுதுன நாவல் 'வெக்கை'. 2019ல வெற்றிமாறன் அதை வச்சு 'அசுரன்' எடுத்தார். தேசிய விருது வாங்குன படம். பாக்காத ஆள் குறைவு.

நாவல்ல யாரு கதாநாயகன்? சிதம்பரங்கிற பதினஞ்சு வயசுப் பையன். அண்ணனைக் கொன்னவனோட கையை வெட்டணும்னுதான் கிளம்புறான். வெட்டு வேற மாதிரி விழுந்து ஆள் செத்துப்போறான். அப்புறம் எட்டு நாள் அப்பனும் மகனும் காட்டுல ஒளிஞ்சு திரியுறாங்க. எங்க தண்ணி கிடைக்கும், எதைத் தின்னலாம், எங்க படுத்தா ஆள் கண்ணுல படமாட்டோம், வீட்டுல ஆத்தா என்ன ஆனாளோ. கதை பூரா இதுதான். கொலை முதல் பக்கத்துலயே முடிஞ்சுருது. மிச்சப் புத்தகம் அந்தக் கொலைக்கு அப்புறம் ஒரு குடும்பம் எப்படி மூச்சு விடுதுங்கிறதைச் சொல்லுது.

படத்துல யாரு கதாநாயகன்? அப்பன். ஏன்னா தனுஷ் அப்பனா நடிக்கிறார். வேற காரணம் தேட வேண்டாம். பெரிய நடிகர் அப்பனா வந்துட்டா, பையன் பின்னாடி போயிருவான். இடைவேளைக்கு முன்னாடி அப்பன் எந்திரிச்சு அத்தனை பேரையும் அடிக்கணும். தியேட்டர்ல விசில் பறக்கணும். பறந்துச்சு. நாவல்ல விசிலடிக்க ஒரு இடமும் கிடையாது. படிக்கிறவன் வயித்துல ஒரு கலக்கம் இருந்துக்கிட்டே இருக்கும், அவ்வளவுதான்.

இதுல என்ன நட்டம்னு கேப்பீங்க. எங்க பக்கம் வந்து கல்யாண வீடு, காதுகுத்து வீட்டு பிளக்ஸைப் பாருங்க. மீசை முளைக்காத பையங்க எல்லாம் அரிவாளோட நிக்கிற நடிகர் படத்துக்குப் பக்கத்துல தன் போட்டோவை ஒட்டி வச்சிருப்பாங்க. வெட்டுன அன்னைக்கு ராத்திரி சிதம்பரத்துக்கு எப்படி இருந்துச்சுன்னு அவங்களுக்கு யாரும் சொல்லல. பூமணி சொல்லியிருக்கார். ஆனா பையங்க கைக்குப் போய்ச் சேர்ந்தது இடைவேளைச் சண்டைதான்.

அசுரனுக்கு உரிய பெருமையையும் சொல்லிறணும். 'வெக்கை' சாதிப் பேர் சொல்லாத நாவல். படம் பூசி மெழுகாம விசயத்துக்கு வந்துச்சு. செருப்புப் போட்டதுக்காக ஒரு பொண்ணு படுற அவமானம், பஞ்சமி நிலம், எரியுற குடிசைங்கன்னு நாவல்ல இந்த உருவத்துல இல்லாத முன்கதை ஒண்ணைச் சேர்த்துச்சு. பஞ்சமி நிலம்னா என்னன்னு பட்டணத்துல பல பேர் அந்தப் படத்துக்கு அப்புறம்தான் கேட்டாங்க. 'வெக்கை'யைத் தேடிப் போய் வாங்குனவங்களும் படத்தால வந்தவங்கதான். நல்ல காரியம்.

ஆனா முடிவைப் பாருங்க. நிலம் வச்சிருந்தா புடுங்கிக்குவான், படிப்பைப் புடுங்க முடியாதுன்னு அப்பன் மகனுக்குச் சொல்றார். கைதட்டல். படிப்பு வேண்டாம்னு சொல்ல நான் பைத்தியக்காரன் இல்லை. காலங்காலமா படிக்க விடாம வச்சிருந்த சனத்துக்குப் படிப்பை விடப் பெரிய ஆயுதம் இல்லை. அதுல ரெண்டாவது பேச்சு கிடையாது. ஆனா கைதட்டுனவங்களைக் கேக்குறேன்: புடுங்குன நிலம் என்ன ஆச்சு? ரெண்டரை மணி நேரம் நிலத்துக்காக ரத்தம் சிந்துனதைப் பாத்துட்டு, கடைசியில "படிச்சு முன்னேறிக்கோ"ங்கிற ஒரு வசனத்துல உங்க மனசு லேசாயிருச்சே, எப்படி? நிலக் கணக்கு தீராமலே கிடக்கு. நாவல் அந்த ஆறுதலைக் குடுக்கல. அப்பனும் மகனும் கோர்ட்டுல சரணடையக் கிளம்புறாங்க. அதோட புத்தகம் முடிஞ்சுருது. மிச்சக் கேள்வி உங்க மடியில.

அடுத்து 'பரதேசி'. 2013ல பாலா எடுத்தது. அதுக்கு மூலம் பி.எச். டேனியல் இங்கிலீசுல எழுதி 1969ல வந்த 'ரெட் டீ'. தமிழ்ல இரா. முருகவேள் மொழிபெயர்ப்புல 'எரியும் பனிக்காடு'. திருநெல்வேலிச் சீமையில மழையில்லாம, பிழைக்க வழியில்லாம, கங்காணி பேச்சை நம்பி ஆனைமலைத் தேயிலைக் காட்டுக்குப் போன ஏழை சனங்க கதை. டேனியல் தோட்டத்துல வேலை பாத்த டாக்டர், தொழிற்சங்கக்காரர். அட்டைக்கடியும் காய்ச்சலும் அவர் கண்ணால பாத்தது. முன்பணம் எப்படிக் கடனா மாறுது, கடன் எப்படித் தீராமப் போகுது, கங்காணிக்கு அதுல என்ன லாபம்னு புத்தகம் நூல் பிடிச்ச மாதிரி சொல்லிக்கிட்டே போகும்.

படம் சாவையும் அழுகையையும் நல்லாவே காட்டுச்சு. ஆனா அந்த டாக்டர்? ஆளுங்க செத்து விழுகும்போது ஆடிப் பாடி மதம் மாத்துற கோமாளி ஆயிட்டார். கதையை எழுதுனவரே டாக்டர்ங்கிறதை நினைச்சுப் பாருங்க. கணக்குப் புத்தகம் பின்னாடி போயிருச்சு, கண்ணீர் முன்னாடி வந்துருச்சு. கண்ணீருக்குக் காரணம் கணக்குதானே? இன்னைக்கும் விதைக்கும் உரத்துக்கும் கடனாக் குடுத்து, விளைஞ்சதை அவங்க சொன்ன விலைக்கே எடுத்துக்கிற யாவாரி எல்லா ஊர்லயும் இருக்கான். அந்தப் புத்தகத்தைப் படிச்சவனுக்கு அவனை அடையாளம் தெரியும். படத்தை மட்டும் பாத்தவன் "ஐயோ பாவம், அந்தக் காலம்"னு எந்திரிச்சுப் போயிருவான்.

"சினிமா வேற மீடியம், அப்படியே எடுக்க முடியாது"ன்னு சொல்வீங்க. ஒத்துக்கிறேன். அப்படியே எடுக்கச் சொல்லவும் இல்லை. மகேந்திரன் 1979ல புதுமைப்பித்தனோட 'சிற்றன்னை'யை வச்சு 'உதிரிப்பூக்கள்' எடுத்தார். ரொம்பவே மாத்தியிருக்கார். விதையை மட்டும் எடுத்துக்கிட்டு வேற மண்ணுல ஊன்றிட்டார்னே சொல்லலாம். ஆனா கடைசியில அந்தக் கொடுமைக்காரனை ஊரே ஆத்தங்கரைக்குக் கொண்டு வந்து நிறுத்துதே, அங்க ஒரு அரிவாள் இருந்துச்சா? சண்டை இருந்துச்சா? அவன் தானே தண்ணிக்குள்ள இறங்குறான், பிள்ளைங்க கரையில நிக்குதுங்க. மாத்துறது தப்பில்லை. கதைக்காக மாத்துறியா, ஸ்டாருக்காக மாத்துறியாங்கிறதுதான் கேள்வி.

இன்னொண்ணும் இருக்கு. சினிமா கிராமத்துல வேலையே நடக்காது. வயல் எப்பவும் பச்சையா இருக்கும். கதாநாயகி களை எடுக்கக் குனிஞ்சா பாட்டு வந்துரும். எங்க மானாவாரிக் கரிசல் பங்குனியில இருந்து ஆவணி வரைக்கும் வெடிச்சுக் கருப்பாத்தான் கிடக்கும். புரட்டாசியில மேகத்தைப் பாத்து விதைப்போம், மழை ஏமாத்துனா மறுவிதைப்பு, ஐப்பசி கார்த்திகையில களை, ராத்திரி காட்டுப்பன்னிக் காவல். இதையெல்லாம் ரெண்டரை மணி நேரத்துக்குள்ள அடைக்க முடியாது. நாவல்ல முடியும்.

கி. ராஜநாராயணன் எழுதுன 'கிடை'யைப் பாருங்க. ஒரே மூச்சுல படிக்கிற சின்ன நாவல். ஆட்டுக்காரங்க பொழப்பு, ஆடு மேய்ஞ்சு அழிச்ச பருத்திக் காட்டுக்கு விசாரணை, அதுக்குள்ள சாதி தாண்டுன ஒரு காதல், அதுல பொண்ணு மட்டும் குடுக்கிற விலை. அம்ஷன் குமார் 2003ல 'ஒருத்தி'ன்னு அதைப் படமா எடுத்தார். பெரிய நடிகர் இல்லை, அதனால உங்கள்ல பாதிப் பேருக்குப் பேரே தெரியாது. கிராமத்துப் படம் வேணும்னு கேக்குற நீங்க அதைத் தேடிப் பாத்தீங்களா?

ஊரைப் பத்தி உங்க மனசுல இருக்கிற படம் சாதாரண விசயம் இல்லை. வெங்காயம் விலை ஏறுனா கூப்பாடு போடுறதும், எங்க நிலத்துல என்ன வரணும்னு முடிவு பண்றதும் அந்தப் படத்தை மனசுல வச்சுத்தான். அதுல அரிவாளும் திருவிழாவும் மட்டும் இருந்து வேலையும் கடனும் இல்லேன்னா, நாங்க பேசுறது உங்களுக்கு எப்படிப் புரியும்?

அதனால கேட்டுக்கிறது இதுதான். முதல்ல 'கிடை' படிங்க. அப்புறம் 'வெக்கை', படிச்சு முடிச்ச கையோட அசுரனை மறுபடி பாருங்க. மூணாவது 'எரியும் பனிக்காடு'. ருசி பிடிச்சுப் போச்சுன்னா, பண்ணையத்துல ஆடு மேய்க்கிற பையங்களைப் பத்திப் பெருமாள்முருகன் எழுதுன 'கூளமாதாரி', கரும்பாலை கட்ட ஒரு காட்டையே அழிக்கிற கதையான சா. கந்தசாமியோட 'சாயாவனம்'. ஒரு தடவை குடும்பத்தோட தியேட்டருக்குப் போற காசுல ரெண்டு மூணு புத்தகம் வாங்கிறலாம்.

படிச்சுட்டு, நான் சொன்னது தப்புன்னு தோணுச்சுன்னா சண்டைக்கு வாங்க. படத்தை மட்டும் பாத்துட்டு வர்றவங்க கூட இனிமே பேச்சு இல்லை.